பூக்கும் முன் பறித்தது

6-1-2025, திங்கள்

மனைவி ரபியா சோப்பு வாங்கி வரச் சொன்னாள். கடையிலேயே நின்று, உறையில் இருந்த எழுத்தையெல்லாம் படித்து முடித்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அறுபத்தொன்பது வருடம் நான் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. ஆறு மாதமாகப் போகிறேன். டீச்சர் மோகனப்பிரியா ஒரு நோட்டு கொடுத்து, அன்றன்று நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் பள்ளிவாசலில் ஓதக் கற்ற அரபு எழுத்து வலது பக்கத்திலிருந்து ஓடும். அந்தப் பழக்கத்தில் முதல் மாதம் முழுக்க என் கை நோட்டின் வலது ஓரத்துக்கே போய் நின்றது. இப்போது நிற்பதில்லை.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம். ரபியா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

8-1, புதன்

இன்று ஒரு விஷயம் நடந்தது.

ஏரியில் தண்ணீர் வற்றிய பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். காலுக்கடியில் ஏதோ செடி நசுங்கியது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். காரமான, கொஞ்சம் கற்பூரம் கலந்தது போன்ற வாசம். இதை எங்கேயோ சுமந்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் நாட்டு மருந்து மண்டி ஒன்றில் நாற்பத்தொரு வருடம் மூட்டை தூக்கினேன். மூட்டை மேல் பெயர் எழுதியிருக்கும். எனக்கு அது கோடுதான். முதலாளி "பாஷா, கடுக்காய் எடு" என்றால் மூக்கை வைத்து எடுப்பேன். சித்தரத்தை, வசம்பு, ஆடாதொடை எல்லாம் மூக்குதான். ஒரு தடவைகூட மாற்றி எடுத்ததில்லை. வேலைக்கு வந்த படித்த பையன்கள் மாற்றி எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் காய்ந்து நொறுங்கிய சரக்கு. அதே செடி பச்சையாக மண்ணில் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று ஒன்றையும் பார்த்ததில்லை. இது எது? வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. இருப்புக் கொள்ளவில்லை என்பார்களே, அதுதான்.

9-1, வியாழன்

ஏரிக்குப் போய்க் கைநிறையப் பறித்து வந்தேன். இலை ஓரம் ரம்பம் மாதிரி. தொட்டால் பிசுபிசுப்பு. பூ இல்லை. பின்கட்டு நிழலில் சாக்கை விரித்துக் காயப் போட்டிருக்கிறேன்.

ரபியா கேட்டாள், "ஊட்டுல இருக்கற குப்பை பத்தாதா?"

12-1, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கொட்டைக்கரந்தை.

இன்று காலை காய்ந்த இலையை அள்ளி முகர்ந்தேன். நாற்பத்தொரு வருடம் ஒரே மூச்சில் திரும்பி வந்தது. சந்தேகமே இல்லை. கொல்லிமலை அடிவாரத்திலிருந்து பெருமாயி என்று ஒரு பெண் மண்டிக்குக் கொண்டுவருவார். "பூக்கறதுக்கு முந்திப் பறிக்கோணுமுங்க, பூத்துப்போட்டா அது குப்பை" என்பார். நானும் பூக்கும் முன்னால்தான் பறித்திருக்கிறேன். எல்லாம் பொருந்துகிறது.

குழாயடியில் எல்லோரிடமும் சொன்னேன். பக்கத்து வீட்டு கந்தம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு வலது காலில் சுண்டு விரல் பக்கம் புண். தீபாவளியிலிருந்து ஆறவில்லை. சர்க்கரை வேறு. மகன் சரவணக்குமார் ரிக் லாரியில் வடக்கே எங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான்; வீட்டில் தனி.

"ஏனுங்க பாய், அது புண்ணுக்குக் கேக்குமுங்களா?"

"ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்னு வாங்குறவங்க சொல்லுவாங்க."

"அப்ப எனக்குக் கொஞ்சம் குடுங்க சாமி."

ஏரிக்குப் போய் இருந்ததில் முக்கால்வாசியைப் பறித்து வந்துவிட்டேன்.

13-1, திங்கள்

காய்ந்ததை இடித்துச் சலித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். டப்பா மேல் ஒரு காகிதம் ஒட்டி, செடியின் பெயரை நானே எழுதினேன். நான் எழுதி மற்றவர் வீட்டுக்குப் போன முதல் எழுத்து அது. கந்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தடவிப் பார்த்தார்.

16-1, வியாழன்

கந்தம்மாள் வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. கூடவே செய்தியும் வந்தது. புண் வற்றுகிறதாம். "பாயி மூக்கு மூக்குத்தான்" என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். டீக்கடை காளியப்பன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான்.

பெருமை கூடாது என்று தெரியும். கொஞ்சம் பட்டுக்கொண்டேன்.

24-1, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தபோது அடுக்களை அலமாரியில் மாத்திரை அட்டைகள் நான்கைந்து இருந்தன. ரபியாவுக்கும் சர்க்கரைதான். ஆனால் இவ்வளவு அட்டை ஏது?

"கந்தம்மா குடுத்தா. உங்க பொடி இருக்கும்போது எனக்கெதுக்கு, நீங்களே போட்டுக்கங்கக்கான்னு குடுத்துட்டுப் போறா."

"நீ வாங்கிக்கிட்டியா?"

"குடுத்தா வாங்காம?"

உடனே போனேன். "மாத்திரையை நிறுத்தாதீங்க, பொடி பாட்டுக்குப் பொடி, மாத்திரை பாட்டுக்கு மாத்திரை" என்றேன். சரிங்க என்றார். அட்டையைத் திரும்ப வாங்கவில்லை. நானும் கையில் திணித்துவிட்டு வரவில்லை. ஏன் திணிக்கவில்லை? என் பொடியை அவ்வளவு நம்புகிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. எழுதும்போதுதான் தெரிகிறது.

1-2, சனி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

ரபியா பின்கட்டைக் கூட்டும்போது சாக்கை உதறிக் கொடியில் போட்டாள். எதைப் பார்த்தாலும் படிக்கிற வியாதி எனக்கு. சாக்கில் நீல மையில் பாதி அழிந்த எழுத்து. கூட்டிக் கூட்டிப் படித்தேன். முதல் பாதி போய்விட்டது. பின்பாதி 'கரந்தை'. கீழே மண்டியின் பெயர்.

வேலையை விட்டு வரும்போது முதலாளி கொடுத்த நான்கு பழைய சாக்கில் ஒன்று. இதன் மேல்தான் இலையைக் காயப் போட்டேன்.

வெறும் சாக்கை முகத்தில் வைத்து முகர்ந்தேன். அதே வாசம். நான் அன்றைக்கு அள்ளி முகர்ந்தது இலையையா, சாக்கையா?

யா அல்லாஹ். படிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

2-2, ஞாயிறு

ஏரிக்குப் போனேன். நான் விட்டுவைத்தது ஏழு செடி. நாலைந்து இலையைக் கிள்ளி வந்து கழுவிய எவர்சில்வர் தட்டில் காயப் போட்டிருக்கிறேன். சாக்குப் பக்கமே போகவில்லை.

3-2, திங்கள்

டீச்சரிடம் ஒரு செடியை வேரோடு கொண்டுபோனேன். போனில் படம் எடுத்தால் பெயர் சொல்லுமாம். எடுத்தார். ஒரு பெயர் சொன்னது. இலையைத் திருப்பி எடுத்தார். வேறு பெயர். வெளிச்சத்தில் வைத்து எடுத்தார். மூன்றாவது பெயர்.

"மூணும் சாமந்திக் குடும்பம்தான் பாய், அது மட்டும் ஒத்துப்போகுது. பூ இருந்தாத்தான் சரியாச் சொல்லுமாம்."

"பூக்கும் முன்னாடிதான் டீச்சர் பறிக்கணும்."

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

நல்ல கேள்வி. இந்தச் செடிக்குச் சாமந்தி சொந்தம் என்று கேட்டதில் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் போய்விட்டது.

5-2, புதன்

தட்டில் காய்ந்ததை முகர்ந்தேன். வாசம் இருக்கிறது. அதே வாசமா? ஆமாம் போலவும் இருக்கிறது, இல்லை போலவும் இருக்கிறது. ரபியாவிடம் நீட்டினேன். "சளி மருந்து மாதிரி அடிக்குது" என்றாள்.

மூக்கைச் சந்தேகப்பட்ட பிறகு மூக்கு வேலை செய்ய மாட்டேன் என்கிறது.

7-2, வெள்ளி

மண்டிக்குப் போன் போட்டுப் பெருமாயி நம்பரை வாங்கினேன். அந்த அம்மாவுக்கு இப்போது காது மந்தம். கத்திப் பேசினேன்.

"பூத்தா ஊதாக் கலர்ல உருண்டை உருண்டையா நிக்குமுங்க பாய். இன்னொண்ணு இருக்குது, நாறக்கரந்தை. அது மஞ்சளாப் பூக்கும். பூவுக்கு முந்தி ரெண்டும் அண்ணந் தம்பியாட்ட இருக்கும்."

"நீங்க எப்படிப் பிரிச்சீங்க?"

"கையி பிரிச்சுப்போடுமுங்க. வாயில சொல்லத் தெரியாது." கொஞ்சம் யோசித்தார். "தண்டைப் பாருங்க. இலையோட ஓரம் தண்டுலயே ஒட்டிக் கீழ இறங்கி வரும், றெக்கையாட்ட."

போனை வைத்த கையோடு ஏரிக்குப் போனேன். தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரம் இறங்குகிற மாதிரித்தான் தெரிகிறது. தெரிய வேண்டும் என்று பார்க்கிறேன், அதனால் தெரிகிறதா? கண்ணில் புரை வேறு.

ஐந்து செடியை ஆடு மேய்ந்துவிட்டது. மிஞ்சிய ஒன்றைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டி நட்டேன். பூக்கட்டும். பூத்தால் தெரிந்துவிடும்.

8-2, சனி

பூ இல்லை.

9-2, ஞாயிறு

பூ இல்லை. மொட்டும் இல்லை. நேற்று பார்த்ததற்கு இன்று என்ன வந்துவிடும்? ஆனாலும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

11-2, செவ்வாய்

இல்லை.

12-2, புதன்

கந்தம்மாள் சீட்டு ஒன்றைப் படித்துக் காட்டச் சொல்லி வந்தார். ரேஷன் கடைச் சீட்டு. வாசற்படியில் உட்கார்ந்தார். நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வாசம் வந்தது.

செடி வாசம் இல்லை. மண்டியில் எலி செத்துக் கிடந்தால் எந்த மூட்டைக்குப் பின்னால் என்று நான்தான் சொல்வேன். அதே வாசம். அவர் காலில் சுற்றியிருந்த துணியிலிருந்து வந்தது.

"புண்ணு எப்படிங்க இருக்கு?"

"வலியே இல்லைங்க பாய். மரத்துப்போச்சு. உங்க பொடிதான்."

அவர் போன பிறகு ரபியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, போன், முள்வேலி, எல்லாம். பூ வந்ததும் முடிவு தெரிந்துவிடும், தெரிந்தபின் கந்தம்மாளிடம் பேசலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

ரபியா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"பூ வர்ற வரைக்கும் அவ காலு காத்துக்கிட்டு இருக்குமா? உங்களுக்குச் செடி பேரு தெரியணும். அவளுக்குக் காலு வேணும். ரெண்டும் ஒண்ணா?"

 

13-2, வியாழன்

போனேன். சொன்னேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தப் பொடியை நிறுத்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும், இன்னிக்கே."

"ஏனுங்க பாய்? இப்பத்தானே கேக்குது."

"அது என்ன செடின்னு எனக்கு நிச்சயமாத் தெரியலைங்க."

சிரித்தார். "உங்களுக்கே தெரியலைன்னா வேற ஆருக்குத் தெரியும்? சும்மா இருங்க பாய்."

தெரியவில்லை என்றால் அடக்கமாகப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்கிறார். மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவையும் சிரிப்பு. நான் திரும்பி வந்திருக்கலாம். சொல்லியாயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். அவர் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தேன்.

"அது வேற செடி" என்றேன். "தப்பான செடி. நான் ஏமாந்துட்டேன். உங்களையும் ஏமாத்திட்டேன்."

சிரிப்பு நின்றது.

"ஒரு மாசமா எனக்கு என்னத்தைக் கரைச்சுக் குடிக்கச் சொன்னீங்க?"

டப்பா மேல் இருந்த என் காகிதத்தைத் தட்டினார்.

"மூட்டை தூக்குனவரு பேச்சக் கேட்டு மாத்திரையை வுட்டனே, என்ற புத்தியத்தான் சொல்லோணும். இதுக்கு மேல எழுதி வேற ஒட்டிக் குடுத்தீங்க."

டப்பாவை எடுத்து வாசலில் எறிந்தார். மூடி தெறித்துப் பொடி தெருவெல்லாம் சிதறியது. எல்லா வீட்டு வாசலிலும் ஆள் வந்து நின்றார்கள். என் எழுத்து ஒட்டிய டப்பா உருண்டு சாக்கடை ஓரம் நின்றது. நான் குனிந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

ரபியா புர்கா போட்டுத் தயாராக இருந்தாள். கந்தம்மாளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவள்தான் போனாள். மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போனாள்.

தப்பான செடி என்று சொன்னேனே. எனக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று மறுபடியும் சொல்லிவிட்டேன். இந்த முறை அடி வாங்குகிற பக்கத்திலிருந்து.

14-2, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். சர்க்கரை தாறுமாறாக இருக்கிறதாம். விரல் பிழைக்குமா என்று சொல்ல மாட்டேன் என்கிறார்களாம்.

சரவணக்குமார் போனில் பேசினான். திட்டினான். திட்ட வேண்டியதுதான்.

15-2, சனி

ஏரிக்குப் போகவில்லை.

18-2, செவ்வாய்

ரபியா சாப்பாடு கொண்டுபோய்விட்டு வந்தாள். அழுகிய சதையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். டாக்டர், "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா பாதத்தோட எடுக்க வேண்டியிருந்திருக்கும்" என்றாராம். விரல் தப்பும் போலிருக்கிறது.

இன்னும் ஒரு வாரம். நான் பூவுக்காக ஒரு வாரம் ஏற்கெனவே காத்திருந்தேன். அதற்கு முன்னால் சாக்கைப் படித்த நாளிலிருந்து கணக்கு வேறு. டாக்டருக்கு அது தெரியாது. கந்தம்மாளுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

வகுப்புக்குப் போனேன். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நான் சிலேட்டில் என் பெயரை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

2-3, ஞாயிறு

முதல் நோன்பு. கந்தம்மாள் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். ஐந்து விரலும் இருக்கின்றன. பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கி வந்து, ஒரு தூக்கு அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அதே தூக்கை ரபியா கொண்டுபோனாள். வாங்கிக்கொண்டார்.

8-3, சனி

காளியப்பன் கொத்தமல்லிக் கட்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "பாய், இது என்ன செடின்னு கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்க" என்றான். டீக்கடையே சிரித்தது. நோன்பு வைத்திருப்பதால் நான் டீக்கடைக்குள் போகவில்லை, சும்மா தாண்டித்தான் போனேன். கூப்பிட்டு வைத்துக் கேட்கிறான். என்னைப் பார்த்தாலே யாராவது ஒருத்தன் முகர்வது போல மூக்கை இழுத்துக் காட்டுகிறான்.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சிரிப்பு வரவில்லை.

ரபியா ஒன்று சொன்னாள். கந்தம்மாளிடம் இன்று பேசினாளாம். "பாயி தப்பான செடின்னு வந்து சொன்னதாலதாங்கக்கா நான் ஆசுபத்திரிக்குப் போனேன். சரியான செடியா இருந்திருந்தா இன்னும் அதையேதான் குடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். கசப்புன்னாலும் மாத்திரைக்கு அது எவ்வளவோ தேவலை" என்றாராம்.

இதை ஏன் நான் இரண்டு தடவை படித்துப் பார்க்கிறேன்?

13-3, வியாழன்

ஒரு மாதமாக ஏரிப் பக்கம் போகாமல் இருந்தது பொய். போய்க்கொண்டுதான் இருந்தேன். நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான். இன்று நுனியில் பச்சையாக ஒரு குமிழ். மிளகு அளவு. மொட்டா, புழு வைத்த கூடா தெரியவில்லை.

14-3, வெள்ளி

மொட்டுதான்.

16-3, ஞாயிறு

பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு ஏரிக்குப் போனேன். முள்ளை விலக்கினேன்.

ஊதா. உருண்டை. சுண்டைக்காய் அளவில் மூன்று. பக்கத்தில் இன்னும் இரண்டு மொட்டு. மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். நோன்பு நேரத்து வறண்ட வாய்க்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். சாக்கு இல்லை. சாக்கு வாசம் இல்லை. என் மூக்குதான். நாற்பத்தொரு வருடத்து மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்தச் சமயத்தில் எனக்கு வேறு எதுவும் நினைப்பில் இல்லை. தண்டோடு ஒன்றைக் கிள்ளி எடுத்துக்கொண்டு நடந்தேன். காளியப்பன் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். டீச்சர் போனில் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். பெருமாயிக்குப் போன் போட வேண்டும். இவ்வளவு வேகமாக நான் நடந்து பல வருடம் இருக்கும்.

குழாயடியில் கூட்டம். கந்தம்மாள் குடத்துடன் நின்றிருந்தார், காலில் ஆஸ்பத்திரியில் வாங்கச் சொன்ன பஞ்சுச் செருப்பு. ஒரு மாதமாக என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறவர், இன்று திருப்பவில்லை. என் கையைப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், அது என்னங்க கையில?"

எல்லோரும் திரும்பினார்கள். அவர் கேட்டது கேலியா, நிஜமா? நிஜமாகத்தான் கேட்டார். முகத்தில் தெரிந்தது. சரியான செடிதான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விடும். மறுபடியும் பொடி கேட்பார். மாத்திரை எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்துவிடும்.

"தெரியலைங்க" என்றேன். "ஏதோ காட்டுச் செடி."

"தெரியலைன்னு சொல்லப் பழகிட்டீங்களாக்கும்."

யாரோ மூக்கை இழுத்தார்கள். சிரித்தார்கள். கந்தம்மாளும் சிரித்தார். பிறகு, "வெயில்ல நிக்காதீங்க சாமி, நோம்பு வேற" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். பாதத்தை முழுதாக ஊன்றி நடந்தார். தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொட்டைக்கரந்தை. இங்கே எழுதிவிட்டேன். எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் வந்தது.

பூவைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். துணியெல்லாம் வாசம். ரபியா கண்டுபிடித்துவிடுவாள், அவளுக்குத் தெரிந்தால் நாளைக் காலையில் குழாயடிக்கும் தெரிந்துவிடும். அவள் கஞ்சி வாங்கப் போயிருந்த நேரத்தில் சட்டையை நானே சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப் போட்டேன்.